ஒன்றும் வேண்டாம்: ஒரு மொழி ஆராய்ச்சி

மொழியை விளங்கிக்கொள்வதில் மனித மூளையை வெல்லக்கூடிய கருவி உலகில் இன்னும் பிறக்கவில்லை, பிறக்கவும் மாட்டாது. இதைப் பல்கலைக்கழகத்தில் படித்து அறிந்தவர்கள் இருக்கலாம். நானோ மகனுக்குக் கலியாணம் பேசப் போய் அறிந்தவன்.

மகன் கொன்ஸ்ரன்ரைனுக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. பெண் மரியகொறற்றி, கணினிக்குத் தமிழ் படிப்பிக்கும் உத்தியோகத்தில் இருந்தாள். தகப்பன் இராஜநாயகம், துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சொந்த வீடு ஒன்று இருப்பதும் தற்செயலாக எங்கள் காதில் விழுந்திருந்தது.

மனைவி மாக்ரெட்டும் மகனும் நானுமாக வெள்ளவத்தையிலிருந்து போய் இறங்கினோம்.

"தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்றார் இராஜநாயகம்.

"ஐயோ, ஒண்டும் வேண்டாம். இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்" என்றாள் மாக்ரெட்.

உடனே தேநீர், கேக், றோல்ஸ் எல்லாம் வந்தன. மனித மூளை என்றால் இதுதான்!

அடுத்தது முக்கிய விஷயம். சீதனம் என்பது எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை. வாயால் சொல்ல மாட்டோம்; வாங்க மட்டும் செய்வோம். ஆகவே தொண்டையைச் செருமி, எங்கள் பரம்பரையின் 'உத்தியோகபூர்வ' வாசகத்தை வெளியிட்டேன்.

"எங்களுக்கு ஒண்டும் வேண்டாம். நீங்கள் உங்கட பிள்ளைக்குச் செய்யிறதைச் செய்யுங்கோ."

இராஜநாயகத்தின் முகம் வெளிறியது. அவருடைய மூளை அதைக் கணப்பொழுதில் மொழிபெயர்த்துவிட்டது: கொட்டாஞ்சேனை வீட்டை விற்று, வெள்ளவத்தைத் தொடர்மாடியில் கடல் தெரிகிற வீடொன்று, மாப்பிள்ளை பெயரில். எவ்வளவு துல்லியம்! எனக்குப் புல்லரித்தது.

"எனக்கு இருக்கிறது இந்த ஒரு வீடுதான்..." என்று அவர் மெல்ல ஆரம்பித்தார்.

"பொறுங்கோ அப்பா" என்று மரியகொறற்றி மடிக்கணினியை மேசைக்குக் கொண்டுவந்தாள். "அங்கிள், நாங்கள் கதைக்கிறதை இது கேட்டுக்கொண்டிருக்கு. என்ன விளங்கினது எண்டு பாப்பம்."

கணினி, வானொலியில் செய்தி வாசிப்பவரின் குரலில் அறிவித்தது: "மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் வேண்டாம்."

மாக்ரெட்டுக்குக் கேக் புரையேறியது.

கணினியின் அறியாமையை மன்னித்து மேலும் விளக்கினேன். "எங்கட சொந்தக்காரர் நாலு விதமாக் கதைப்பினம், பாருங்கோ."

"சொந்தக்காரர்களைத் திருமணத்துக்கு அழைக்க வேண்டாம்" என்றது கணினி.

"பெடியன் வேலைக்குப் போய்வரவும் ஒரு வசதி இருக்கவேணும்."

"மாப்பிள்ளைக்கு ரயில் சீசன் டிக்கெட் போதும்."

"ஓம், போதும்" என்றான் கொன்ஸ்ரன்ரைன், வாய் நிறைய றோல்ஸோடு. மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்தேன்.

"இந்த மெஷினுக்கு மூளையே இல்லை!" என்று சீறினேன்.

"உண்மைதான் அங்கிள், இது இன்னும் படிச்சுக்கொண்டுதான் இருக்கு" என்றாள் அந்தப் பிள்ளை, மிகுந்த மரியாதையோடு. "சரியான கருத்தை நீங்களே உங்கட வாயால சொல்லுங்கோ. திருத்திவிடுறன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுவரில் மாட்டியிருந்த திருவிருதயப் படத்திலிருந்து ஆண்டவரும் பார்த்தார். வாயைத் திறந்தேன். தலைமுறை தலைமுறையாகக் கேட்காமலே வாங்கிய குடும்பம். கேட்பதற்கு எங்களிடம் வசனம் இல்லை.

"அது... சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றேன்.

கலியாணம் நடந்தது. இராஜநாயகம் இன்றும் தன் சொந்த வீட்டில் காலை நீட்டிப் படுக்கிறார். அந்தக் கணினியை மெச்சிப் பத்திரிகையில் கூட எழுதினார்களாம். சுத்த மோசடி! மனிதர் பேசுவது அதற்கு ஒரு துளியும் விளங்காது. விளங்கியிருந்தால், போயும் போயும் என்னை ஒரு யோக்கியன் என்று நினைத்திருக்குமா?