டிரம்ஸ் தனியும் என் காபி டம்ளரும்

கச்சேரியில் எப்போது தலையாட்டுவது என்று பலருக்கும் தெரியும். எப்போது எழுந்திருக்கக் கூடாது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. முதுகலைப் பட்டதாரியும், சிட்லபாக்கத்தில் எங்கள் காலனி நலச்சங்கத்தின் தலைவனுமாகிய நானும் இதற்கு விலக்கல்ல.

என் மகன் ஸ்ரீதர் மணக்க விரும்பிய நான்சியின் வீட்டில் மூன்று தலைமுறையாக ஜாஸ். தாத்தா டிரம்பெட், அத்தை பியானோ, அப்பா டேவிட் டிரம்ஸ். சென்னையில் ஜாஸ் வாசிப்பவர்களில் பாதிப் பேர் கிழக்குத் தாம்பரத்தில் அவர்கள் வீட்டு மாடியில் கற்றவர்கள். டேவிட்டுக்கு ஒரே நிபந்தனை.

"எங்க மியூசிக்கை மதிக்காத வீட்டுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன் சார். வந்து கேளுங்க, அப்புறம் பேசலாம்."

மதிக்க எனக்கா தெரியாது? (டிசம்பர் சீசனில் சபா சபாவாக ஏறி இறங்கியவன்.) உடன் வந்த உறவினர் கூட்டத்துக்கு வகுப்பே எடுத்தேன்: "நான் என்ன பண்றேனோ, அதையே பண்ணுங்க."

கச்சேரியன்று அரங்கின் முன்வரிசையில் அமர்ந்து தொடையில் தாளம் போட்டேன். குடும்பமே போட்டது. டேவிட் மேடையிலிருந்து சிரித்தார். பிறகு மற்றவர்கள் வாத்தியங்களை இறக்க, அவர் மட்டும் வாசிக்கத் தொடங்கினார்.

தனி ஆவர்த்தனம்! மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கையில் கேன்டீனுக்குப் போவதன்றோ சபா மரபு? என் கால்கள் தாமாகவே எழுந்தன. இரண்டு வரிசைகள் கம்பீரமாகப் பின்தொடர்ந்தன.

காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோது ஸ்ரீதர் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அப்பா! அந்த சோலோவே உங்களுக்காகத்தான்பா வாசிக்கிறார்!"

"தனிதானேடா..."

"என் கல்யாணத்துக்கே மங்களம் பாடிட்டீங்க!"

டம்ளர்களோடு திரும்பி ஓடினோம். டேவிட் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். எங்களில் கடைசி ஆள் உட்காரும்வரை நிறுத்தவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தார். நான் டம்ளருக்குள் ஒளிய இடம் தேடினேன்.

"சோலோவுல போனை நோண்டறவங்களைப் பாத்திருக்கேன். இப்படி ஒத்துமையா எழுந்து போன குடும்பத்தைப் பாத்ததே இல்ல. தாராளமா பொண்ணு குடுக்கலாம். ஆனா, என் காபி எங்க சம்பந்தி?"

என் டம்ளரையே நீட்டினேன்.

அன்றுமுதல் டிரம்ஸ் தனிக்கு நேரம் வந்துவிட்டால், அந்தக் குடும்பத்தில் ஒருவர் டம்ளர் தூக்குவதுபோல் கையை உயர்த்துவார். மாணவர்களுக்கும் அது தொற்றிவிட்டது. சென்ற மாதம் கேளம்பாக்கத்தில் ஒரு திருமண வரவேற்பு. அங்கு ஜாஸ் வாசித்த, முன்பின் அறியாத இளைஞர் குழு ஒன்று அதே சைகையைச் செய்தது. விசாரித்தேன்.

"ஜாஸ்ல இது பழைய மரபு அங்கிள்," என்றான் கிடார்காரன்.

"சொல்லிடுங்களேன்," என்று என் மனைவி இடித்தாள்.

அடக்கம் கருதி, அந்த மரபின் மூலவர் யார் என்று நான் சொல்லவில்லை.