கேபிடல் போன ஊர்

காலடிப்பேட்டை,
ஞாயிறு காலை.

அன்புள்ள அக்கா மகன் விமலுக்கு,

மாமா சுப்புராஜ் மனமார்ந்த ஆசிகளுடன் எழுதுவது. நானும் உன் அத்தையும் நலம். உன் அம்மாவும் நலம்தான், வெள்ளிக்கிழமை வரை.

வெள்ளிக்கிழமை காசிமேட்டில் தேசப்பன் வீட்டுக்கு உனக்குப் பெண் கேட்கப் போனோம். விசைப்படகுக்காரர், ஒரே மகள் கீர்த்தி. உன் போட்டோ பிடித்துப்போய், பேச்சு கேசரி வரை வந்துவிட்டது. அப்போது அவர், "மாப்ள இன்னா ஊர்ல கீறாரு சார்?" என்றார். காலமெல்லாம் பள்ளியில் வரலாறு நடத்தியவனிடம் இப்படிக் கேட்கலாமா? "ஜமைக்காவில், ஸ்பானிஷ் டவுன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஸ்பெயின்காரர்கள் கட்டிய ஊர், 1655இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், சுற்றிலும் அடிமைகளை வதைத்து நடந்த கரும்புத் தோட்டங்கள், சட்டசபை கூடும்போது தோட்ட முதலாளிகள் வந்து தங்குவார்கள், கடைத்தெருவே அதனால்தான் பிழைத்தது, ஆனால் ஊர் கடலைவிட்டு உள்ளே தள்ளி இருந்ததால் வியாபாரம் துறைமுகமுள்ள கிங்ஸ்டனுக்குப் போனது, 1872இல் கேபிடலும் பின்னாலேயே போய்விட்டது என்று விளக்கினேன். தலைநகரம் என்றால் வகுப்பறை வாடை அடிக்குமே என்று, எல்லாருக்கும் புரியும்படி கேபிடல் என்றேன்.

தேசப்பன் கேசரியைக் கீழே வைத்தார். "கேபிடல் பூட்ச்சா? போட்ட மொதலே பூட்ச்சுன்னா சம்பளம் எங்கருந்து சார் வரும்?"

அந்தக் கேபிடல் இல்லை என்று உதாரணம் சொன்னேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் நம் இராயபுரத்திலிருந்து கிளம்பியது, பிறகு பவுசெல்லாம் சென்ட்ரலுக்குப் போனது, அதற்காக இராயபுரத்துப் பையனுக்கு யாரும் பெண் கொடுக்காமலா இருக்கிறார்கள்?

"அத்த வுடுங்க சார். மாப்ளைக்கு ஆர்பர்ல கிரேன் ஓட்ற வேலன்னீங்க. ஆர்பரே இல்லாத ஊர்ல இன்னாத்த தூக்கறாரு?"

"கரும்பத் தூக்குவாரு போல" என்றபடி அவர் மனைவி அங்கம்மா கேசரித் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். கீர்த்தி சிரித்துவிட்டாள். திரும்பும் வழியில் உன் அம்மா பேசியது எழுதக்கூடியது அல்ல.

ஆகவே, அந்தப் பெண்ணை மறந்துவிடு. லீவுக்கு டிக்கெட் எடுத்திருந்தால் கேன்சல் செய். வேளைக்குச் சாப்பிடு. எண்ணூர்ப் புகையைவிட அங்கே காற்றாவது நன்றாக இருக்கும் என்று நம்பும்,

மாமா சுப்புராஜ்

பி.கு.: உறையில் முகவரி எழுத, நீ அத்தைக்கு அனுப்பிய பார்சல் அட்டையைத் தேடி எடுத்தேன். 'போர்ட் ஆஃப் ஸ்பெயின், டிரினிடாட்' என்று இருக்கிறது. நீ போனில் சொன்னபோது ஸ்பெயின் மட்டும்தான் காதில் விழுந்தது. மீதியை நானே நிரப்பிக்கொண்டேன். அட்டையோடு காசிமேட்டுக்கு ஓடினேன். "பேர்லயே போர்ட்டு கீது! கிரிக்கெட் மேட்ச் நடக்கற ஊரு! இத்த அப்பவே சொல்லக் கூடாதா சார்?" என்றார் தேசப்பன். தை மாதம் நிச்சயதார்த்தம். டிக்கெட்டைக் கேன்சல் செய்யாதே.

இந்த ஊரும் மேற்கிந்தியக் கூட்டமைப்புக்குத் தலைநகராக இருந்து, 1962இல் அந்தப் பதவியை இழந்த ஊர்தான். தேசப்பனிடம் நான் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே.