கட்டைக்கு வளர்ந்த இரண்டு விரற்கடை

1972-இல் விருத்தாசலத்து மக்களுக்குத் திடீரென்று ஒரு கால் குட்டையாகிப் போனது. ஒருவருக்கு இருவருக்கு அல்ல, ஊருக்கே! அதுவரை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வைத்தவர் பாதவிருத்தி சுவாமிகள்.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துப் பழைய நெல் கிடங்குதான் அவருடைய ஆசிரமம். வெள்ளிக்கிழமைகளில் திட்டக்குடி பஸ்ஸும் பக்கத்து மங்களூர் பஸ்ஸும் இடுப்பு வலிகளையும் முழங்கால் வலிகளையும் ஏற்றி வந்து அங்கே இறக்கும். சுவாமிகள் ஆளைப் பலகையில் படுக்க வைத்து, இரண்டு குதிகாலையும் பிடிப்பார்.

"இடது காலு ரெண்டு விரக்கடை கம்மி. பாட்டன் செஞ்ச பாவம்."

கண்ணை மூடி ஓர் இழுப்பு. கால்கள் சமமாகிவிடும்! காணிக்கை ஒரு சேவல். பாட்டன் செய்த பாவத்துக்குச் சேவல் ஏன் குழம்பாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பஸ் ஏறுவதற்குள் வலி திரும்பினால், அது பாவத்தின் கனம். ஒன்பது வாரம் வர வேண்டும்.

காசியம்மாள் ஏழு வாரம் போய்விட்டாள். பீங்கான் கம்பெனியில் களிமண் சுமப்பவள். சின்ன வயதில் முறிந்து கூடிய இடது கால் கொஞ்சம் குட்டை. செருப்பில் தோஷம் என்று சுவாமிகள் சொன்னதால், பீங்கான் சில்லு கிடக்கும் தரையில் வெறுங்காலோடு நடந்து பாதமும் புண். மேஸ்திரி சொல்லிவிட்டார்: "நிக்க முடியலன்னா திங்கக்கெழமையிலேருந்து வராத."

கம்பெனி வாசலில் உட்கார்ந்து அழுதவளைப் புதிய வாட்ச்மேன் நல்லமுத்து பார்த்தார். பட்டாளத்திலிருந்து வந்தவர். எப்போதும் முழுக்கால் சட்டை, பூட்ஸ். கதையைக் கேட்டுவிட்டு, அவளுடைய இடது காலுக்கு அடியில் ஓர் ஓட்டுத் துண்டை வைத்தார்.

"இப்ப நேரா நில்லும்மா. இடுப்பு எப்பிடி இருக்குது?"

"புடிப்பு விட்டாப்பல இருக்குதுண்ணே!"

"அவ்ளோதான். எனக்கும் இப்பிடித்தான் முதுகு போச்சு. குதிகாலுக்கு அட்டை வெச்சு சரி பண்ணாங்க."

"அப்ப சாமி இழுத்தது?"

"வெள்ளிக்கெழம வா, பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை பலகையில் நல்லமுத்து படுத்தார்.

"பூட்ஸைக் கழட்டட்டுமா சாமி?"

"வேணாம். அருளுக்குத் தோலு தடையில்ல." சுவாமிகள் குதிகாலைப் பிடித்தார். "வலது காலு ரெண்டு விரக்கடை கம்மி. ரத்தமே ஓடல."

"ஆமாங்க சாமி, ஓடல."

ஓர் இழுப்பு. "வளந்துடுச்சு! ரத்தம் பாயுது, சூடு தெரியுதா?"

"தெரியலீங்களே."

"தெரியும், தெரியும்!"

கூட்டம் அரோகரா போட்டது. நல்லமுத்து எழுந்து உட்கார்ந்து, கால்சட்டையைச் சுருட்டி, வார்களை அவிழ்த்து, வலது காலைப் பூட்ஸோடு கழற்றிச் சுவாமிகளின் மடியில் வைத்தார்.

"பூனாவுல செஞ்ச கட்டைக்காலுங்க. எங்க வளந்துதுன்னு கொஞ்சம் காட்டுங்க!"

கிடங்கில் ஒரு சேவல் கூவியது.

"இடுப்பைச் சாய்ச்சுப் புடிச்சா எந்தக் காலும் கொறையும், நேராக்குனா வளரும்" என்றார் நல்லமுத்து. "வூட்டுல நீங்களே செஞ்சு பாருங்க."

காசியம்மாள் எழுந்து, "எங்க என் சேவலு?" என்றாள். சுவாமிகள் பின்பக்கமாக ஓடினார். ஓடும்போது அவருடைய இரண்டு காலும் ஒரே அளவாகத்தான் இருந்தன.

செருப்புத் தைப்பவர் அவளுடைய இடது செருப்புக்கு அடியில் டயர் துண்டு வைத்துத் தைத்தார். பாதப் புண் ஆறியது. ஒரு மாதத்தில் இடுப்பு வலி பாதியாகக் குறைந்தது, வேலையும் நிலைத்தது.

ஆனால் டீக்கடையில் பேச்சு வேறு: "கட்டைக்காலையே வளத்தாருன்னா, அவருக்கு எவ்ளோ சக்தி இருக்கணும்!"

காலின் குறைக்கு டயர் துண்டு போதும் அன்பர்களே. புத்தியின் இந்தக் குறைக்கு நாமே யோசித்தால்தான் உண்டு. அதைத் தைத்துத் தர ஆள் கிடையாது.