ஹோல்ட் தவறினால் பாஸ்

இரத்தோட்டை ரோட்டில் பிள்ளைகளை வேண்டுமென்றே அவர்கள் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி அடுத்த ஹோல்ட்டில் இறக்கிவிட்டு, அதற்கு நன்றியும் வாங்கிய கொண்டக்டர் உலகத்திலேயே ஒருவர்தான். அவருடைய பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் கொண்டக்டர் நானா, ஊருக்கே அண்ணன்.

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் லைப்ரரி என் பொறுப்பு. சின்னப் பிள்ளைகளுக்குக் காகமும் நரியும் இருந்தன. பெரிய வகுப்புகளுக்குப் பழைய வினாத்தாள்கள். பதினைந்து வயதில் ஆசைப்பட்டுப் படிக்க ஒன்றுமில்லை. போன வருடம் பள்ளி அதிபர் எட்டிப் பார்த்தார்.

"பெரிய பிள்ளைங்க யாருமே வர்றதில்லையே டீச்சர். இந்தப் படிப்புத் தவணை முடியட்டும், இந்த ரூமைச் சாமான் போட எடுத்துக்கிறேன்."

பதறியடித்து டவுனுக்கு ஓடி, நீதிக்கதைகளாக அள்ளி வந்தேன். பஸ்ஸில் நானா ஒன்றைப் புரட்டினார்.

"நல்ல புள்ளயா இரு, நல்ல புள்ளயா இருன்னு நாப்பது பக்கம். அந்தப் புள்ள அப்படி என்னதான் தப்பு செஞ்சிச்சு டீச்சர்?"

"அப்ப நீங்களே தேடிக் குடுங்க நானா" என்று கோபத்தில் சொல்லித் தொலைத்தேன்.

மறுநாளிலிருந்து டிக்கட்டோடு ஒரு கேள்வியும் வந்தது. "சின்ன வயசுல சோத்தக்கூட மறந்து படிச்ச புத்தகம் ஏதும் வீட்டுல இருக்கா?" தருவதாகச் சொல்லித் தராதவர்கள் பாடு திண்டாட்டம். "புத்தகம் கொண்டு வராத மாமா ஏறுறாரு, இடம் குடுங்க!" என்று பஸ்ஸுக்கே அறிவிப்பார்.

சேர்ந்த புத்தகங்களுக்குப் பரீட்சையும் அவரே வைத்தார். வீட்டுக்குப் போகும் பிள்ளை ஒன்றின் கையில் ஒரு புத்தகத்தைத் திணிப்பார். தன் ஹோல்ட்டில் பிள்ளை தானாக இறங்கிவிட்டால் புத்தகம் ஃபெயில். தலை நிமிராமல் ஹோல்ட்டைத் தாண்டிவிட்டால் பாஸ். அடுத்த ஹோல்ட்டில் இறக்கி, எதிரே வரும் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். பாஸான புத்தகம் மட்டுமே என் மேசைக்கு வரும்.

தவணை முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஒரு தகப்பன் அதிபரின் அறைக்குள் நுழைந்தார். மூன்று தடவை ஹோல்ட்டைத் தவறவிட்ட பிள்ளையின் தகப்பன். லைப்ரரிக்குப் பூட்டு நிச்சயம் என்று சாவியை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

"ஐயா, புள்ள கொண்டாந்த புத்தகத்துல கடைசிப் பக்கமெல்லாம் இல்லீங்க. லயத்து வீடுங்கள்ல அம்புட்டுப் பேருக்கும் வாசிச்சுக் காட்டிட்டா. இப்ப முடிவு தெரியாம எல்லாரும் என்னையப் புடிச்சு நச்சரிக்கிறாங்க."

விஷயத்தைச் சொன்னதும் நானா தலையில் கைவைத்துவிட்டார். இத்தனை பரீட்சை வைத்த மனிதர், கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்ததே இல்லை! ஐந்து நாள் ஒரு பயணியையும் விடாமல் விசாரித்து, தம்புள்ளை மரக்கறி வியாபாரி ஒருவரின் வீட்டிலிருந்து முழுப் புத்தகத்தையும் வரவழைத்தார். அதை வாசிக்கப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் லைப்ரரி வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். அதிபர் அந்த வரிசையைப் பார்த்தார். சாமான்களைச் சைக்கிள் கொட்டகைக்கு அனுப்பினார்.

போன மாதம் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அலுமாரிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இவ்வளவு பொருத்தமா யார் டீச்சர் தெரிவு செஞ்சது?"

"எங்க பஸ் கொண்டக்டர் சேர்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார். "அப்படின்னா மத்தப் பள்ளிக்கூடங்களுக்கும் அவரைக் கொஞ்சம் அனுப்புங்களேன்" என்றார்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன்:

"முடியாது சேர். அவர் எங்களுக்கு வேணும்."