நாலு தந்தியும் ஒரு சனிக்கிழமையும்

"தூக்காதீங்க! அப்படியே விடுங்க!" என்று மனைவி மாடியிலிருந்து கத்தியபோது, அவர் ஸ்பீக்கர் பெட்டியை ஏற்கெனவே தூக்கியிருந்தார்.

இடுப்பில் ஏதோ ஒன்று 'களுக்' என்றது. அதற்குப் பிறகு பெட்டியைக் கீழே வைக்கவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. படி திரும்பும் இடத்தில், தூர தேசம் போகிற பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுகிறவர் மாதிரி, பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வேன் வந்தாச்சு ஸ்டோர்ஸ்!" கீழே டிரம்மர் ஹாரன் அடித்தார்.

குழாய்க் கம்பெனியில் ஸ்டோர்கீப்பராகவே தலை நரைத்து, போன வருஷம் ஓய்வு பெற்றவர் அவர். வேலை போயும் பேர் போகவில்லை. இசைக்குழுவில் எல்லாருக்கும் அவர் ஸ்டோர்ஸ்தான். பல் டாக்டர் பாடுவார். குழுவுக்குத் தலைவரும் அவரே. டாக்டருடைய மனைவியின் தம்பி லீட் கிட்டார். டாக்டருக்கு மச்சான் என்பதால் குழுவுக்கே மச்சான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் டிரம்ஸ். ஸ்டோர்ஸ் பாஸ் கிட்டார்.

பாஸ் என்பது நாலே தந்தியில் அடிக்குரலாக ஒலித்து, யார் காதிலும் தனியாக விழாத வாத்தியம். நின்றுபோனால் மட்டும், "என்னமோ குறையுதே" என்று பார்ப்பார்கள். ஸ்டோர்கீப்பர் வேலையும் அப்படித்தான் என்பதால் அவருக்கு அது ஒத்துப்போயிருந்தது.

மனைவி இறங்கி வந்தாள். பெட்டியைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள்.

"நான் இன்னிக்குப் போகலைம்மா" என்றார் தரையைப் பார்த்தபடி. வேறு எதையும் பார்க்கிற நிலையில் அவர் கழுத்து இல்லை.

"அய்யய்யோ, அதெப்படி? அவங்க உங்களை நம்பில்ல ஒத்துக்கிட்டிருக்காங்க!"

"இடுப்பு..."

"பெல்ட் வாங்கி வச்சிருக்கேன். கட்டி விடுறேன். நின்னுகிட்டுத்தானே வாசிக்கணும்? குனிஞ்சே நில்லுங்க, ஸ்டைலா இருக்கும்."

எப்போது வாங்கினாள், எதற்கு வாங்கினாள் என்று அவர் கேட்கவில்லை. தன் வலியை அவள் முன்கூட்டியே உணர்ந்து வைத்திருக்கிறாளே என்று உருகிப்போனார். அவளும் டிரம்மருமாக அவரைச் சாமானோடு சாமானாக வேனில் ஏற்றினார்கள்.

அன்று ஒரு டயர் கம்பெனியின் ஆண்டு விழா. மழை வேறு. தகரக் கூரையில் விழுகிற மழைக்கு டிரம்மரை விடத் தாளம் சுத்தம். ஜனங்கள் எல்லாரும் சாப்பாட்டு மேசைப் பக்கம் முதுகைக் காட்டி நின்றார்கள். மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒருவர். அவரும் பக்கத்து நாற்காலிக்குக் காவல் இருந்தார். டாக்டர் காதல் பாட்டு ஒன்றை அந்த நாற்காலியைப் பார்த்தே உருகிப் பாடினார்.

இடைவேளையில் ஸ்டோர்ஸ் வீட்டுக்கு ஃபோன் செய்தார். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"அழுதுட்டிருப்பா" என்றார்.

"யாரு?" என்றார் மச்சான்.

"எம் பொண்டாட்டி. சனிக்கிழமை பூரா தனியா கிடக்கிறா. எனக்குத் தெரியக் கூடாதுன்னு ஃபோனை எடுக்கலை."

மச்சான் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேடையேறிவிட்டார்.

விஷயம் இதுதான். வேலையில் இருந்த காலமெல்லாம் ஸ்டோர்ஸ் வீட்டில் தங்கியதில்லை. போல்ட்டும் நட்டும் எண்ணியே ஆயுள் போய்விட்டது. ஓய்வு பெற்ற அன்று, இனி இவளைத் தனியாக விடுவதில்லை என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டார். அதன்படியே நடந்தும் வந்தார். அவள் சமைத்தால் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். டப்பாக்களையெல்லாம் உயர வரிசையில் அடுக்கி நம்பர் ஒட்டினார். அவள் கடைக்குப் போனால் கூடப் போய்த் தராசு முள்ளைக் கண்காணித்தார். அவள் புஸ்தகத்தைப் பிரித்தால், "என்ன கதை? சொல்லேன்" என்று கேட்டார். அவள் சும்மா உட்கார்ந்தால், "என்ன யோசனை?" என்று கேட்டார். மிச்ச நேரத்தில் கூடத்தில் உட்கார்ந்து பாஸ் பயிற்சி செய்தார். பாத்திரங்கள் அலமாரியில் சன்னமாக நடுங்கும்.

ஆக, மற்ற நாளெல்லாம் அவளுக்குத் துணை இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை சாயங்காலம்தான் பாவம். அதையும் அவளுக்கே கொடுத்துவிட வேண்டும். அதற்குக் குழுவை விட்டு விலக வேண்டும்.

ஆனால் முகத்துக்கு நேரே சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால் இடுப்பைச் சாக்காக வைத்தார்.

"டாக்டர், அந்தப் பெட்டியும் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரும் இனிமே என்னால தூக்க முடியாது. ஆம்ப் இல்லாம பாஸ் வாசிக்கிறது, வாயை மூடிட்டுப் பாடுற மாதிரி. எனக்குப் பதிலா வேற..."

"கவலையை விடுங்க" என்றார் டாக்டர்.

அடுத்த சனிக்கிழமை டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு ஆம்பைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். "இப்பல்லாம் இப்படித்தான் வருது. ஒரு கையால தூக்கலாம். பெட்டியே வேண்டாம், நேரா சவுண்ட் மிக்ஸர்ல செருகிடலாம்."

ஸ்டோர்ஸ் வாசித்துப் பார்த்தார். பழைய ஆம்ப் சூடாகச் சூடாகத் தொண்டை திறந்து பாடும். இது சளி பிடித்தவன் பேசுகிற மாதிரி இருந்தது. ஆனால் கனமே இல்லை. குறை சொல்ல வழியில்லை. அதைவிடக் கொடுமை, பெட்டி தூக்கும் கவலை தீர்ந்ததால் லிஃப்ட் இல்லாத மாடி மண்டபங்களிலும் நிகழ்ச்சிக்கு ஒத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

சரி, வாசிப்பைக் கெடுத்து வெளியே வரலாம் என்று முடிவு செய்தார்.

ஒரு கல்யாண வரவேற்பில், எல்லாரும் ஒரு சுருதியில் இருக்க, இவர் அரைக் கட்டை தள்ளி வாசித்தார். முதல் பாட்டு முழுக்க. மணப்பெண் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். டிரம்மர் குச்சியைக் கீழே போட்டு எடுத்தார். சொத்தைப் பல்லைச் சுத்தியால் தட்டினால் எப்படி இருக்குமோ, டாக்டர் முகம் அப்படி ஆயிற்று.

பாட்டு முடிந்ததும் ஸ்டோர்ஸ் கிட்டாரைக் கழற்றத் தயாராக நின்றார்.

"பிரமாதம் ஸ்டோர்ஸ்" என்றார் டாக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் தப்பா வாசிச்சேன் டாக்டர்."

"தப்பா? அது ஒரு புது பாணி. இல்லையா மச்சான்?"

"ஆமாமா" என்றார் மச்சான், காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தபடி. "கேட்கக் கேட்கப் பழகிடும்."

"இனிமே ஒவ்வொரு நிகழ்ச்சியிலயும் நீங்க தனியா ஒரு துண்டு வாசிக்கிறீங்க" என்றார் டாக்டர். "சோலோ!"

அன்று வீடு திரும்பியபோது மனைவி கதவைத் திறந்தாள். தலை வாரிப் பளிச்சென்று இருந்தாள். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தவள், அவரைக் கண்டதும் நிறுத்திவிட்டாள்.

எவ்வளவு அழகாக மறைக்கிறாள், என்று அவருக்குக் கண் கலங்கியது.

"எனக்கு விட்டுடலாம்னு இருக்கும்மா" என்றார்.

"எதை?"

"பேண்டை."

அவள் முகம் வெளுத்துப்போனது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு... உங்களுக்கு அதுல எவ்வளவு உசிரு. எனக்காக நீங்க அதை விட்டா என்னால தாங்க முடியாது."

இப்படி ஒரு மனைவிக்கு என்ன செய்தாலும் தகும்!

மூன்றாவது வழி தற்செயலாக வாய்த்தது. தந்தி வாங்கப் போன கடையில் ஒரு பெண் பாஸ் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தபால் ஆபீஸில் வேலை. இடது கைக்காரி. நாலு தந்தியில் அவள் நடந்த நடையைக் கேட்டு, கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஸ்டோர்ஸ் அவளைக் கையோடு ஒத்திகைக்கு அழைத்துப் போனார்.

அவள் வாசித்தாள். டிரம்மர் வருஷக்கணக்கில் தொலைத்திருந்த தாளத்தைக் கண்டுபிடித்தார். மச்சான் சிரித்தார், அவருக்கு மேல் வரிசையிலும் பல் இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. டாக்டர் பாதிப் பாட்டில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, இப்படி ஒரு பாஸுக்காகத்தான் நாங்க இத்தனை நாளா தவம் கிடந்தோம்" என்றார்.

"அப்ப அடுத்த வாரம் வரட்டுமா சார்?"

டாக்டர் ஸ்டோர்ஸைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"வேண்டாம்மா. எங்களுக்கு ஸ்டோர்ஸ் இருக்கார்."

டிரம்மர் குச்சியைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் எல்லாருக்கும் கும்பிட்டுவிட்டுப் போனாள். எழவு வீட்டில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மாதிரி ஆம்ப் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

இதற்கு மேல் தாங்காது என்று ஸ்டோர்ஸ் வாயைத் திறந்தே விட்டார். "டாக்டர், என்னை விட்டுடுங்களேன். என்னை விட அவ எவ்வளவோ மேல்."

"தெரியும்" என்றார் டாக்டர் அவசரமாக. உடனே, "அதாவது, தெரியும், உங்களுக்கு மனசு தளர்ந்திருக்குன்னு. அதனால ஒரு முடிவு பண்ணிட்டோம். இனிமே புதன்கிழமையும் ஒத்திகை!"

"புதன்கிழமையுமா?" என்று ஸ்டோர்ஸும், மச்சானும், டிரம்மரும் ஒரே குரலில் கேட்டார்கள். அந்தக் குழு ஒரே சுருதியில் சேர்ந்தது அப்போதுதான்.

வீட்டில் இதைச் சொல்ல ஸ்டோர்ஸுக்கு நாக்கு எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"புதனுமா?" என்றாள் மனைவி. குரல் கம்மியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அறைக்கதவைச் சாத்தினாள். தோள் குலுங்கியதைக் கதவு மூடுவதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

அன்று அவர் சாப்பிடாமலே படுத்தார். ஸ்டோரில் துருப்பிடித்த குழாய்களை ஒதுக்கி எழுதுவார்கள், 'உபயோகமற்றது' என்று. தன் நெற்றியிலும் யாராவது அப்படி எழுதினால் தேவலை என்றிருந்தது. கட்டினவளைக் காலமெல்லாம் காக்கவைத்தவன். கடைசிக் காலத்திலாவது நல்லவனாகலாம் என்றால், நாலு தந்தி விடமாட்டேன் என்கிறது.

தந்தியே இல்லாவிட்டால்? கிட்டாரே இல்லாவிட்டால் யார் என்ன செய்ய முடியும்?

மறுநாள் கிட்டாரை மடியில் போட்டு எண்ணெய்த் துணியால் துடைத்தார்.

"என்ன, வேலையில்லாத நாள்ல துடைக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"சும்மாதான். இந்தப் பழசை இப்ப யாராவது வாங்குவாங்களா, என்ன சொல்றே?"

செருப்பை மாட்டிக்கொண்டாள். "பக்கத்துல ஒரு சோலி. நீங்க கூட வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று வெளியே போனாள். மனம் நொந்து எங்கேயோ போய் அழுதுவிட்டு வருகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. முடிவு இன்னும் உறுதியானது.

அடுத்த நாள் காலையிலேயே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பழைய வாத்தியங்களை வாங்கி விற்கிற கடை அந்த ஊரில் ஒன்றுதான். கடைக்காரர் அப்போதுதான் ஷட்டரை ஏற்றியிருந்தார். ஸ்டோர்ஸ் கிட்டாரை மேசைமேல் படுக்கவைத்து, கடைசியாக ஒரு தடவை தடித்த தந்தியைத் தட்டினார். அடிவயிற்றிலிருந்து வந்த அந்த ஒலி மெதுவாக அடங்கும்வரை காத்திருந்தார்.

"என்ன கொடுக்கிறீங்களோ கொடுங்க. பேரம் பேச வரலை."

கடைக்காரர் கிட்டாரைத் தொடவே இல்லை. "நல்ல வாத்தியம் சார். எதுக்கு விக்கிறீங்க?"

"வீட்டுல அவ தனியா கிடக்கிறாப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. எல்லாத்தையும் உள்ளே போட்டுப் பூட்டி வச்சுக்குவா. இனிமே ஒரு சனிக்கிழமைகூட நான் அவளை விட்டு நகர மாட்டேன்."

கடைக்காரர் கிட்டாரை எடுத்து, குழந்தையைத் தூளியில் போடுகிற மாதிரி மறுபடி பைக்குள் வைத்தார். ஜிப்பை இழுத்து மூடினார். பையை அவர் தோளிலேயே மாட்டிவிட்டார். அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்க்காமல், தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"உங்க வீட்டம்மா நேத்தே வந்துட்டுப் போயிட்டாங்க சார், 'அவர் ரிட்டையர் ஆனதுலேருந்து நான் மூச்சு விடுறதே அந்தச் சனிக்கிழமை சாயங்காலம்தான், டாக்டர்கிட்ட அழாத குறையா கெஞ்சி அவரை பேண்டுல வச்சிருக்கேன், இப்பதான் புதன்கிழமையும் கிடைச்சிருக்கு, நீங்க அதை வாங்கிக் கெடுத்துடாதீங்க'ன்னு சொன்னாங்க."