குதிரைக்குச் சொன்னது

தனியாக இருப்பது எனக்குப் பழக்கம் என்று நானே வந்து சொன்னாலும் நம்பாதீர்கள். இருபத்திரண்டு வயதில் அப்படிச் சொல்லப்போய்த்தான் என் மானம் கப்பலேறியது. (கப்பல்கூட இல்லை. நெடுந்தீவு வள்ளம்.)

அது போர் நின்றிருந்த சமாதான காலம். உதவி நிறுவனமொன்று யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு மூன்றிலும் கணினி நிலையம் அமைத்தது. நெடுந்தீவுக்குப் போக ஒருவரும் முன்வரவில்லை. நான் கையைத் தூக்கிவிட்டேன். கரம்பொன்னில் எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பா, கடலுக்குப் போகிறவர், கிழிந்த வலையைப் பொத்துவதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நீயோ? அம்மா பக்கத்திலை படுக்காட்டி நித்திரை வராது உனக்கு."

"எனக்கு ஏலும், அப்பா."

"சரி. மூண்டு மாசம் அழாமல் நிண்டு காட்டு பாப்பம். அழுதியெண்டால் வேலையை விட்டிட்டு வீட்டை வா."

போன முதல் கிழமையே எனக்கு ஏலாது என்று தெரிந்துவிட்டது. மத்தியானத்தோடு பிள்ளைகள் படித்து முடித்துப் போய்விடுவார்கள். பின்னேரம் கடைசி வள்ளமும் வெளிக்கிட்டால் காற்றும் நானும்தான். நான் தங்கியிருந்த வீட்டு அக்கா நல்லவர். ஆனால் ஒரு நாளைக்கு நாலு சொல்லுக்கு மேல் பேசமாட்டார். (அதில் இரண்டு "சாப்பிட்டாச்சோ?") நிலையத்தின் கல்வேலிக்கு அப்பால் மட்டக்குதிரை ஒன்று மேய வரும். அதனோடு பேச ஆரம்பித்தேன். வீட்டுக்கோ, வள்ளக்காரரிடம் கொடுத்தனுப்பும் துண்டுக் கடிதத்தில், "நல்லா இருக்கிறன்" என்று மட்டும் எழுதுவேன்.

அப்போதுதான் அந்த மென்பொருள் வந்தது. மூன்று தீவுக் கணினிகளையும் கூரையிலிருந்த டிஷ் வழியாக அது ஒன்றாக இணைக்கும். நயினாதீவு படம் போடும், ஊர்காவற்றுறை எழுத்துப் போடும், நெடுந்தீவு குரல் கொடுக்கும். எல்லாம் சேர்ந்து திறப்பு விழாவுக்கு ஒரே காட்சியாக வரவேண்டும். யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் வகுப்பு நடத்தினார்கள். அதில் எனக்கு விளங்கியது மத்தியானச் சாப்பாடு மட்டும்தான்.

திரும்பி வந்து, மைக்கைச் சொருகி, சிவப்புப் பொத்தானை அமத்தினேன். "பரிசோதனைக்கு ஏதாவது பேசவும்" என்று ஆங்கிலத்தில் வந்தது. என்ன பேச? எங்கள் வீட்டில் மைக் என்றால் பிரான்சிலிருந்த சித்தப்பாவுக்குக் கசெற்றில் கடிதம் பேசி அனுப்புகிற சாமான். நாங்கள் எல்லோரும் சுற்றியிருந்து ஒவ்வொருவராகப் பேசுவோம். வேறெதற்கும் நான் மைக் பிடித்ததே இல்லை. வாய் தானாகவே தொடங்கிவிட்டது.

"அன்புள்ள அப்பா, நான் இஞ்சை சுகம். அதுபோல உங்கடை சுகத்துக்கும் ஆண்டவரை மன்றாடுறன்..."

தொடங்கியதை நிறுத்த முடியவில்லை. முடித்து, மூக்கைத் துடைத்துவிட்டு, அதை அழித்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு நெடுந்தீவின் பெருமைகளை வானொலி அறிவிப்பாளர்போல வாசித்துப் பதிந்தேன்.

அழிந்தது என் கணினியில் மட்டும். பதிந்த கையோடு மற்ற இரண்டு தீவுக்கும் ஒவ்வொரு பிரதி போய்விடும், முதலில் போனதே காட்சியிலும் சேரும் என்பதுதான் அந்த மென்பொருளின் விசேஷமாம். வகுப்பில் சொன்னார்களாம். நான் அப்போது மீன்குழம்பில் இருந்திருப்பேன்.

விழா ஊர்காவற்றுறையில். மாதா கோயில் ஒலிபெருக்கி அன்று காலைதான் வந்ததால், படங்களை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டிருந்தார்கள். அப்பா வைத்த மூன்று மாதத் தவணை முடிய இன்னும் பத்து நாள். முன்வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில் வெற்றிவீராங்கனையாக அமர்ந்திருந்தேன். திரையில் கடல், கோயில், பனை. பிறகு என் குரல்.

"அன்புள்ள அப்பா..."

ஐயோ! கதிரைக்குக் கீழே போகப் பார்த்தேன், இடமில்லை.

"...சுகமெண்டு எழுதினது பொய்யப்பா. கதைக்க ஒருத்தரும் இல்லை. கடைசி வள்ளம் போனால் நெஞ்சு அடைக்குது. வேலிக்கு அங்காலை ஒரு குதிரை வரும், அதோடைதான் கதைக்கிறனான். நேற்று அதுவும் வரேல்லை."

குதிரை என்றதும் சனம் கொல்லென்று சிரித்தது. கடைசி வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. தொடர்ந்து வந்தது நான் மூக்குறிஞ்சும் சத்தம், மாதா கோயில் ஒலிபெருக்கியில், கடற்கரை வரைக்கும்.

அப்பா எழுந்தார். வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் நேரே போய் அறிவிப்பாளரின் மைக்கை வாங்கினார். முன்வரிசையில் குத்துக்கல்லாக நான் இருக்க, என்னைப் பார்க்காமல் ஒலிபெருக்கியைப் பார்த்துப் பேசினார். கசெற் வந்தால் மறுமொழி பேசவேண்டும், அதுதான் எங்கள் வீட்டு மரியாதை.

"அன்புள்ள மகளுக்கு. உம்மடை கசெற் கிடைச்சுது. நீர் அழுதமாதிரி எனக்குக் கேக்கேல்லை. கடைசியிலை ஏதோ இரைஞ்சது, அது மிசின் பிழை. இன்னும் பத்து நாள் கிடக்கு, நில்லும். ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் வள்ளத்திலை வாறம். குதிரைக்கு என்ன கொண்டுவாறது எண்டு எழுதும்."

வாழ்நாளில் அப்பா என்னை மரியாதையாக "நீர்" என்றது அன்று ஒருநாள்தான். அப்போதுதான் நான் உண்மையாகவே அழுதேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து நாள் நின்றேன். பிறகு இரண்டு வருடமும் நின்றேன். குதிரை அப்பா கொண்டுவந்த வாழைப்பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஆனால் எங்கள் வீட்டில் அது இன்னும் மேய்கிறது. ஆராவது "ஒண்டுமில்லை, நல்லா இருக்கிறன்" என்று சொன்னால் விடமாட்டார்கள். இப்போது கொழும்பில் தனியறையில் இருக்கிற என்னை அப்பா பின்னேரங்களில் அழைப்பார்.

"எப்பிடி இருக்கிறாய்?"

"நல்லா இருக்கிறன், அப்பா."

"சரி, அது எனக்குச் சொன்னது. குதிரைக்கு என்ன சொன்னனி?"

அதற்குப் பிறகுதான் நாங்கள் கதைக்கத் தொடங்குவோம்.