அப்பாவின் கண்ணைப் பொத்திய பாதுகாப்பு அதிகாரி

ஊருக்கெல்லாம் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவனை மட்டும் வண்டியில் பின்னால் ஏற்றாதீர்கள். நான் அந்த ரகம். பத்து வருடத்துக்கு முன்பு, கப்பலூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்த புதிதில், மாடிப்படி இறங்குவதற்குக்கூட வீட்டில் விதிமுறை எழுதி ஒட்டியிருந்தேன்.

அப்பாவுக்கு அப்போது எழுபத்தொன்று. செல்லூரிலிருந்து சிம்மக்கல்லுக்கு தினமும் பைக்கில் போவார் (காய்கறி வாங்க என்று பெயர், சேக்காளிகளோடு டீ குடிக்க என்பது நிஜம்). நன்றாகவே ஓட்டுவார். ஒரே வியாதி, வழியில் கோயில் வந்தால் வலது கை ஹாண்டில்பாரை விட்டுக் கன்னத்துக்குப் போய்விடும். கண்ணும் மூடிக்கொள்ளும். மதுரையில் நாலு கடைக்கு ஒரு கோயில். கோரிப்பாளையம் பக்கம் போனால் தர்காவுக்கும் ஒரு கும்பிடு. (மத வித்தியாசம் பார்க்காத மனுஷர், அதுதான் சிக்கலே.)

ஒருநாள் டவுன் பஸ்ஸை உரசிவிட்டு வந்தார். அம்மா அழுதுவிட்டாள்.

"நாஞ் சொன்னா கேக்க மாட்டாரு. நீதான ஆபீசரு, என்னமாச்சும் பண்ணு. மனுஷன் முழுசா வீடு வந்து சேரணும், அம்புட்டுத்தேன்."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்து, கோயிலே இல்லாத ஒரு பாதையைக் கண்டுபிடித்தேன். பத்து நிமிடப் பயணம் அரை மணி நேரம் ஆனது. அப்பா தலையில் ஹெல்மெட்டை மாட்டி, வழி சொல்ல நானும் பின்னால் ஏறினேன்.

நாலாவது தெருவில் திரும்பினோம். போன ஞாயிறு வெறும் வேப்பமரம் இருந்த இடத்தில், மாலையும் சீரியல் லைட்டுமாகப் புத்தம்புதுப் பிள்ளையார்! அப்பாவின் வலது கை எழும்பத் தொடங்கியது. பார்த்தால்தானே கும்பிடுவார் என்று பின்னாலிருந்து இரண்டு கையாலும் அவர் கண்ணைப் பொத்தினேன். (ஆமாம், ஓடுகிற வண்டியில்.)

நேரே இளநீர்க் குவியலில் போய் ஏறினோம். அப்பா அசையாமல் கிடந்த அந்த இரண்டு விநாடியில் எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு மெல்ல எழுந்து உட்கார்ந்து, பாதியில் விட்ட கும்பிடைப் போட்டு முடித்தார். ஹெல்மெட்டில் ஒரு கீறல், செருப்பில் ஒரு வார், அவ்வளவுதான் அவர் சேதம். எனக்குத்தான் மணிக்கட்டு முறிந்தது.

"ஏப்பா, வண்டி ஓட்டுற பெரிய மனுஷன் கண்ணப் போயி பொத்துறியே, கண்ணாமூச்சி ஆடுற வயசா ஒனக்கு?" என்று கத்தினார் இளநீர்க்காரர்.

"திட்டாதீங்க தம்பி. பாதுகாப்பு அதிகாரி" என்றார் அப்பா.

"அதிகாரியா! அய்யா, இனிமே கோயிலக் கண்டா ஓரமா நிப்பாட்டிக் கும்பிட்டுப் போங்க. இவர மட்டும் ஏத்தாதீங்க."

நான் இரண்டு ஞாயிறு அலைந்தும் தோன்றாத யோசனை. இளநீர்க்காரர் சொன்ன இரண்டையுமே அப்பா அப்படியே கடைப்பிடித்தார். ஒரு விபத்தும் இல்லை. போன வருடம் பார்வை மங்கியதும் அவராகவே சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

என் பெயர்தான் மீளவில்லை. கல்யாணமாகி முதல்முறை மனைவியின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறினேன். "இந்தாங்க, ரெண்டு கையிலயும் ஒவ்வொண்ணா பிடிச்சுக்கங்க" என்று இரண்டு துணிப்பைகளைக் கொடுத்தாள். மேலூர் வரை பத்திரமாகப் பிடித்துக்கொண்டு போய், இறங்கிப் பிரித்துப் பார்த்தேன்.

இரண்டும் காலிப் பை.